“ரெண்டு வரி மாத்தினா போதும் தம்பி”: ஜவுளிக்கடை பில்லிங்கில் ஜிஎஸ்டி மாற்றிய அனுபவம்

தீபாவளி கூட்டம் ஓய்ந்ததும்தான் இதை எழுத நேரம் கிடைத்தது. பழைய பில்லிங் மென்பொருளைக் கட்டி மேய்க்கிறவர்களுக்கு உதவும் என்று நினைக்கிறேன்.

2025 செப்டம்பர் 3 அன்று ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம் முடிந்து, 22ஆம் தேதி முதல் புதிய விகிதம் என்று செய்தி வந்தது. மறுநாள் காலையிலேயே கடை மேனேஜர் போன் செய்துவிட்டார். “பன்னெண்டு இருக்கிற இடத்துல அஞ்சு போடணும், அவ்வளவுதானே? சாயங்காலம் வந்து சாஃப்ட்வேர்ல ரெண்டு வரி மாத்திட்டுப் போயிடுங்க தம்பி.”

ஜவுளிக்கு அது அவ்வளவு லேசான விஷயம் இல்லை. புடவை, வேட்டி எல்லாம் துணிக் கணக்கில் வருவதால் என்ன விலைக்கு விற்றாலும் 5 சதவீதம்தான். அதில் மாற்றமே கிடையாது. ரெடிமேடுக்குத்தான் சிக்கல். முன்பு ஒரு உருப்படி 1,000 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 12. இப்போது 2,500 வரை 5, அதற்கு மேல் 18. ஆக, வரம்பும் மாறுகிறது, மேல் விகிதமும் மாறுகிறது. மேனேஜர் சொன்னபடி 12ஐ 5 ஆக்கியிருந்தால், 4,000 ரூபாய் ஷெர்வானியும் 5 சதவீதத்தில் போயிருக்கும்.

அந்த மென்பொருள் விஷுவல் பேசிக் 6இல் யாரோ எழுதியது. 2017இல் ஜிஎஸ்டி வந்தபோது வேறு யாரோ ஒட்டுப் போட்டிருக்கிறார்கள். வரம்பும் விகிதமும் மாஸ்டரில் (பொருட்களின் விலை, வரி விவரங்களைச் சேமித்து வைக்கும் பட்டியல்) இருக்கும் என்று நம்பித் திறந்தால், பாதி அங்கே, பாதி நிரலுக்குள். 12 என்று தேடினால் மாதக் கணக்கு, எழுத்தின் அளவு எல்லாம் வருகிறது. 1000 என்று தேடினால் பிரிண்டர் காத்திருக்க வேண்டிய மில்லி செகண்டும் கூடவே வருகிறது. சலித்துப் பார்த்ததில் பில் திரை, எக்ஸ்சேஞ்ச் திரை, ஜிஎஸ்டிஆர்-1 என்னும் விற்பனைக் கணக்குத் தாக்கலுக்கான கோப்பு, டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போகும் நாள் முடிவுக் கணக்கு என்று பல இடங்களில் சிதறிக் கிடந்தது. எது எங்கே இருக்கிறது என்று பட்டியல் போட்ட பிறகுதான் வேலையின் அளவே தெரிந்தது. மேனேஜர் “ரெண்டு வரிக்கு எதுக்குங்க பட்டியல்?” என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

பட்டியலில் கிளைக் கடையையும் சேர்த்தேன். “அங்கேயும் அதே சாஃப்ட்வேர்தான், காப்பி பண்ணிப் போட்டா போதும்” என்றார்கள். எதற்கும் ஒரு பில்லை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால் ரவுண்ட் ஆஃப் தொகையே வேறு இடத்தில் இருக்கிறது; பல வருடங்களுக்கு முந்தைய பதிப்பு. வாய்ச்சொல்லை நம்பாமல் ஒவ்வொரு கவுண்டரிலிருந்தும் அச்சடித்த பில் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள்.

உயிரை எடுத்தது தள்ளுபடிதான். டேக்கில் இருப்பது வரி உட்பட்ட விலை. 2,500 வரம்போ வரிக்கு முந்தைய விலைக்கு. 3,000 ரூபாய் டேக், பத்து சதவீதம் தள்ளுபடி போக 2,700. இதில் 5 சதவீதம் என்று வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால் வரிக்கு முந்தைய விலை 2,571. வரம்பைத் தாண்டுகிறது, அப்படியானால் 18. சரி, 18 என்று வைத்துப் போட்டால் 2,288. வரம்புக்குள் வருகிறது, அப்படியானால் 5! 2,625க்கும் 2,950க்கும் இடையில் எந்தத் தொகையை வைத்தாலும் இதே கதைதான். பழைய விகிதத்தில் இந்தக் குழி 1,050 முதல் 1,120 வரைதான் என்பதால் யார் கண்ணிலும் படவில்லை.

இதை ஆடிட்டர்தான் சொல்ல வேண்டும். அலுவலகத்துக்கு நேரில் போனால், வாசலில் இருந்த உதவியாளர் “சார் ஃபைலிங்ல இருக்காரு, வாட்ஸ்அப்ல போட்டு விடுங்க” என்று திருப்பி அனுப்பிவிட்டார். விளக்கமாக ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். நீல டிக் வந்தது, பதில் வரவில்லை. அப்புறம் “3,000 டேக், 10% தள்ளுபடி: வரி 5ஆ, 18ஆ?” என்று ஒற்றை வரி போட்டேன். அரை மணியில் அவரே கூப்பிட்டார். வரிக்கு முந்தைய விலையை மாஸ்டரில் வை, தள்ளுபடியை அதிலிருந்து கழி, மிச்சத்தைப் பார்த்து விகிதம் முடிவு செய், கடைசியில் வரியைச் சேர். அதன்படி 3,000 டேக்கில் 18 சதவீத வரி போக 2,542, தள்ளுபடி கழித்தால் 2,288, அதோடு 5 சதவீதம் சேர்த்தால் 2,402 ரூபாய் சொச்சம்.

முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. “கிட்டத்தட்ட முந்நூறு ரூபாய் விட்டுக் கொடுக்கிறதா?” அது வரிப்பணம், உங்கள் கைக்கு வரும் 2,288 அப்படியேதான் இருக்கிறது என்று பேப்பரில் இரண்டு விதமாகவும் கணக்குப் போட்டுக் காட்டிய பிறகுதான் கையெழுத்துப் போட்டார். ஆம், கையெழுத்துதான். என்னென்ன செய்கிறேன், என்னென்ன செய்யவில்லை என்று எழுதி வாங்கினேன். “அப்படியே வாட்ஸ்அப்ல பில் போற மாதிரி...” என்று ஆரம்பித்ததெல்லாம் “செய்யாதவை” பக்கத்தில், “தீபாவளிக்குப் பின், தனிக் கட்டணம்” என்ற குறிப்போடு போய் உட்கார்ந்தது. அந்தப் பக்கம்தான் என்னைக் காப்பாற்றியது.

எக்ஸ்சேஞ்ச் பற்றி மேனேஜரிடம் கேட்டபோது, “நம்ம கடையில ரிட்டர்ன் கிடையாது, பில்லுலயே போட்டிருக்கு” என்றார். கேஷ் கவுண்டர் அக்காவோ, “அளவு மாத்த தினமும் வருவாங்க சார், பழைய பில்லை எடுத்துட்டு வந்தா எந்த வரி?” என்று கேட்டார். சரியான கேள்வி. 20ஆம் தேதி வரிக்கு முந்தைய விலை 1,500, அதோடு 180 வரி என்று 1,680க்கு வாங்கிய சட்டை, 25ஆம் தேதி திரும்பி வந்தால் கிரெடிட் நோட்டை (திரும்பி வந்த பொருளின் தொகையை வரவு வைக்கும் சீட்டு) பழைய 12 சதவீதத்தில்தான் போட வேண்டும். மாற்றிக் கொடுக்கும் சட்டைக்கு 5 சதவீதத்தில் 1,575. மீதி 105 ரூபாயைத் திருப்பித் தர வேண்டும். பழைய நிரல் திரும்பி வரும் பொருளுக்கும் மாஸ்டரிலிருந்து இன்றைய விகிதத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதை அசல் பில்லிலிருந்து எடுக்கும்படி மாற்றினேன். வேலையின் எல்லையை எழுதும்போது முதலாளியோடு நின்றுவிடாமல், கவுண்டரில் உட்காருகிறவரோடு ஒரு டீயாவது குடியுங்கள்.

அட்வான்ஸ் கொடுத்திருந்த கல்யாண ஆர்டர்களிலும் சண்டை வந்தது. பணம் முன்பே வாங்கியிருந்தாலும், பில்லும் டெலிவரியும் 22க்குப் பின் என்றால் புதிய விகிதம். ஷெர்வானிக்காரர் கத்தினார். அவரைச் சமாளிப்பது என் எல்லையில் இல்லை என்று மேனேஜரிடம் தள்ளிவிட்டேன்.

முறையான அறிவிக்கை 17ஆம் தேதிதான் வந்தது. அதற்குள் விகிதம், வரம்பு, அமலாகும் தேதி மூன்றையும் ஒரே அட்டவணையில் வைத்துவிட்டதால், எண்களைச் சரிபார்ப்பதோடு வேலை முடிந்தது. 22 திங்கள்கிழமை, நவராத்திரி முதல் நாள். கடை திறந்து சற்று நேரத்திலேயே பழைய பில்லோடு ஒருவர் வந்தார். அக்கா பில் எண்ணைத் தட்டினார், 12 சதவீதத்தில் கிரெடிட் நோட் வந்தது. என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். அது போதும் எனக்கு.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். டேலியில் 18க்கான விற்பனை லெட்ஜரை முன்கூட்டியே திறந்து வையுங்கள், இல்லாவிட்டால் நாள் முடிவுக் கணக்கு உள்ளே போகாது. 12க்கான லெட்ஜரை யாராவது “இனி எதுக்கு?” என்று அழிக்க வந்தால் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். பழைய பில்லோடு இன்னும் ஆட்கள் வருகிறார்கள்.