மணிமொய் நகரம்

இயேசு சபைக் குருவான ஜெரார்டு மான்லி ஹாப்கின்ஸ், கோபுரங்களுக்கிடையே மரங்கள் கிளைத்து நிற்கும் ஆக்ஸ்ஃபோர்டைப் பற்றி 1879இல் எழுதிய கவிதையின் இரண்டாம் அடி முழுவதும் இணைப்புக்கோட்டால் கட்டிய ஐந்து கூட்டுச்சொற்களே: குயில் எதிரொலிப்பது, மணிகள் மொய்ப்பது, வானம்பாடி மயக்குவது, காகம் வதைப்பது, ஆறு வளைப்பது.

இராயபுரத்து மாடியில் அமர்ந்து அதைத் தமிழாக்க முயன்றபோது, இரண்டாவது சொல்லிலேயே சிக்கிக்கொண்டேன். 'மணிகள் மொய்த்த நகரம்' என்றால் ஓசை ஓய்ந்துபோன ஊராகிவிடுகிறது. 'மொய்க்கும்' என்றால் இழுவையாக இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த வினை ஓர் எச்ச ஈற்றைச் சுமந்தே வர வேண்டும். நம் வினைத்தொகைக்கு அந்தச் சுமை இல்லை. பகுதி மட்டும் நின்று முக்காலத்தையும் உள்ளே மறைத்துக்கொள்ளும். 'மணிமொய் நகர்' என்று எழுதியதும், சென்னை அர்மீனியன் தெருவில் 1772இல் புதுப்பித்துக் கட்டப்பட்ட அர்மீனியத் தேவாலயமும், அதை ஒட்டாமல் தனித்து நிற்கும் கூண்டின் ஆறு மணிகளும் தேன்கூடுபோல் கண்முன் வந்தன. (அந்தத் தெருவை நம்மவர்கள் 'அரண்மனைக்காரன் தெரு' ஆக்கியது வேறொரு சொல்விந்தை.) 'மொய்' என்றதும் கல்யாண வீட்டுக் கவர் நினைவுக்கு வரும் ஆபத்தும் உண்டு, ஆனாலும் அதை மாற்ற மனம் வரவில்லை.

'ஆறுசூழ் நகர்' தானாக அமைந்தது. 'வானம்பாடி மயக்கு நகர்' தோற்றது. யார் யாரை மயக்குகிறார்கள் என்பதே அதில் தெரியவில்லை.

ஆளற்ற இடங்களைச் சொல்வதில் நம் தொகைகள் எவ்வளவு வல்லவை என்பதற்குக் குறுந்தொகையின் 41ஆம் பாடல் போதும். மக்கள் நீங்கிய வீட்டை 'அணிலாடு முன்றில்' என்ற இரண்டே சொற்களில் காட்டிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அத்தொடரே அவருக்குப் பெயராகி, அணிலாடு முன்றிலார் ஆனார்.

ஹாப்கின்ஸின் அடுத்த அடிகள், அந்த நகரின் விளிம்பில் அழகற்ற செங்கல் கட்டடங்கள் பாவாடைபோல் சுற்றிக்கொண்டதை நொந்துகொள்கின்றன. அவற்றைப் படித்தபோது கொசஸ்தலையாறு கடல் சேரும் எண்ணூர்க் கழியும், அங்கு எஞ்சியிருக்கும் அலையாத்திகளும், அனல்மின் நிலையச் சாம்பலும் நினைவுக்கு வந்தன. ஓரத்தில் 'சாம்பல்படி கழி' என்று எழுதினேன். படிந்த, படிகின்ற, படியும் என மூன்றும் அதற்குள் இருந்தன.