பழைய ஓட்டு வீட்டுக்குக் கூரை மாற்றினோம்: 800 ஓடு குறைந்த கணக்கும் மற்றவையும்

800 ஓடு குறைந்தது. ஆவணி கடைசியில், வீட்டின் பின்பக்கம் பாதி திறந்து கிடக்கும்போதுதான் அது தெரியவந்தது. ஓட்டுக்கடையில் கேட்டது வீட்டின் நீளமும் அகலமும் மட்டும். "40க்கு 30" என்றதும் கல்குலேற்றரில் தட்டி, 1200 சதுர அடி, நூறு சதுர அடிக்கு 150 ஓடு, ஆகமொத்தம் 1800 என்று சிட்டை எழுதித் தந்துவிட்டார்கள். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்தோம்.

நிலத்தின் பரப்பு வேறு, கூரையின் பரப்பு வேறு. தாழ்வாரம் நாலு பக்கமும் 2 அடி வெளியே நிற்கிறது. அப்போது 44க்கு 34, அதாவது 1496 சதுர அடி. அதற்குமேல் சரிவு இருக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் ஒன்றுக்குள் ஒன்று கொளுவும் கலிகட் ஓட்டுக்கு 30 பாகைச் சரிவென்றால் அந்தப் பரப்பை 1.155ஆல் பெருக்கவேண்டும். 1728 சதுர அடி வரும். நூறு சதுர அடிக்கு ஓடு 140 போகும், வெட்டும் உடைவும் சேர்த்து 150 என்று பிடித்தால் ஏறக்குறைய 2600 ஓடு. 25 பாகைக்குப் பெருக்கும் எண் 1.10, 35 பாகைக்கு 1.22. சரிவை அறியக் கருவி ஒன்றும் வேண்டாம். மட்டப்பலகையைச் சலாகையோடு (முகட்டிலிருந்து சரிந்து இறங்கும் கூரைமரம்) சேர்த்துக் கிடையாகப் பிடித்து, 12 அங்குலத்துக்கு எத்தனை அங்குலம் ஏறுகிறதென்று அளந்தால் போதும். 7 அங்குலம் ஏறினால் 30 பாகை.

குறைந்ததை வாங்கினால் சரிதானே என்றுதான் நாங்களும் நினைத்தோம். இரண்டாம் லொறியில் வந்தது வேறு சூளை ஓடு. நிறம் ஒன்று, பார்வைக்கு அளவும் ஒன்று, ஆனால் பக்கத் தவாளிப்பு ஒன்றுக்குள் ஒன்று இறங்கவில்லை. கால் அங்குலம் தூக்கிக்கொண்டு நின்றது. "சீமெந்து பூசிவிட்டால் தெரியாது" என்றார் மேசன். தெரியாதுதான், மாரி வரும்வரை. கடைசியில் பின்பக்கம் ஏற்கெனவே போட்ட 500 ஓட்டையும் கழற்றி, இரண்டாம் சூளை ஓட்டையே 1300 ஆகக் கூட்டி வாங்கி, அந்தச் சரிவு முழுவதையும் அதாலேயே வேய்ந்தோம். ஓடு கொளுவும் குறுக்குச் சட்டமான றீப்பையும் திரும்ப அடிக்கவேண்டி வந்தது, ஏனென்றால் ஓட்டுக்கு ஓடு றீப்பை இடைவெளி மாறும். கழற்றிய 500இல் 400 விறாந்தைக்குப் போனது. அங்கே சீற் போடுவதாக இருந்தோம், அதனால் அந்தக் காசு மிச்சம் என்று மனதைத் தேற்றிக்கொண்டோம்.

ஆகவே முழு ஓட்டையும் ஒரே சூளையில், ஒரே தடவையில் இறக்குங்கள். ஓட்டின் அடிப்பக்கம் அச்சுக் குறி இருக்கும், லொறியில் நிற்கும்போதே நாலைந்து இடத்தில் இழுத்துப் பாருங்கள். இரண்டை ஒன்றோடொன்று தட்டினால் கிண்ணென்று கேட்கவேண்டும், தொப்பென்று கேட்டால் சூடு காணாத ஓடு. சந்தேகமென்றால் நிறுத்துவிட்டு ஒரு நாள் முழுக்கத் தண்ணீருக்குள் போட்டு, எடுத்துத் துடைத்துவிட்டுத் திரும்ப நிறுங்கள். ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பாரம் கூடியிருந்தால் அந்த ஓடு வேண்டாம். மழைக்கு அந்தப் பாரம் முழுவதையும் உங்கள் சலாகைதான் சுமக்கப்போகிறது.

றீப்பை இடைவெளியை "பன்னிரண்டரை" என்று வாய்ப்பாடாகச் சொல்வார்கள். கேட்காதீர்கள். வந்த ஓட்டில் 11ஐ எடுத்து நிலத்தில் ஒரே வரிசையாகக் கவிழ்த்து, இறுக்கித் தள்ளி, முதல் ஓட்டின் கொளுவிலிருந்து பதினோராம் ஓட்டின் கொளுவு வரை அளவுங்கள். பிறகு கழன்றுவிடாத அளவுக்கு இழுத்துவைத்து அளவுங்கள். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கிப் பத்தால் பிரித்தால் உங்கள் ஓட்டுக்குரிய இடைவெளி கிடைக்கும். முதல் லொறிக்கு இறுக்கியது 123, இழுத்தது 127, ஆக 12.5 அங்குலம் சரியாகத்தான் வந்தது. இரண்டாவதுக்கு வரவில்லை.

பழைய ஓட்டை எறியவேண்டாம். எங்கள் பக்கத்துப் பழைய வீடுகளில் மங்களூர், கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து கப்பலில் வந்த ஓடுகள் இன்னும் கிடக்கின்றன. மங்களூரில் பாசல் மிஷன் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865இல். பாசி பிடித்துக் கறுத்திருந்தாலும் தட்டினால் இன்றைக்கும் கிண்ணென்றுதான் கேட்கும். புத்தளம் மாவட்டத்துத் தங்கொட்டுவைப் பக்கத்துப் புது ஓட்டோடு அது பொருந்தாது. அதனால் தெரிந்தெடுத்த பழைய ஓடு முழுவதும் குசினிக் கூரைக்கு, புது ஓடு பெரிய வீட்டுக்கு என்று பிரித்தோம். ஒரே சரிவில் இரண்டையும் கலந்தால் வருடா வருடம் ஏணி வைக்கவேண்டிவரும்.

இனி மரம். பனஞ்சலாகைகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றுமில்லை. சுவருக்குள் புதைந்திருந்த ஒரு அடி மட்டும் கறையான் தின்று மாவாகிப் போயிருந்தது. ஓடாவியார் ஒவ்வொன்றையும் சுத்தியலால் தட்டி, திருப்புளியால் குத்திப் பார்த்துத்தான் கழித்தார். 14 சலாகை புதிதாக வேண்டியிருந்தது. வளவில் முதிர்ந்த பனை நிற்கும்போது மரக்காலைக்கு ஏன் போவான் என்று நினைத்ததில்தான் மூன்று கிழமை போனது.

சொந்த வளவுப் பனையென்றாலும் தறிக்க அனுமதி வேண்டும். கிராம அலுவலரின் சிபாரிசோடு பிரதேச செயலகத்துக்குப் போகவேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்தது. முதல் தரம் போனபோது காணி உறுதியின் பிரதி கேட்டார்கள், கொடுத்தோம். உறுதி கனடாவில் இருக்கும் அக்காவின் பெயரில். "அவவின்ரை சம்மதக் கடிதம் எங்கை?" அடுத்த கிழமை கடிதத்தோடு போனால், வெறும் கடிதம் காணாது, அவவுக்காக நாங்கள் கையெழுத்துவைக்க அதிகாரம் தரும் அற்றோணித் தத்துவம் வேண்டுமென்றார்கள். அது இருந்தது, ஆனால் வீட்டில். முதல் நாளே கேட்டிருந்தால் முதல் நாளே கொடுத்திருப்போம். அனுமதி கிடைத்து மரம் விழுந்த பிறகுதான் அடுத்தது: தறிப்பதற்கு ஒரு கடதாசி, துண்டுகளை றக்ரரில் ஏற்றி மில்லுக்குக் கொண்டுபோக இன்னொரு கடதாசி. மில் பக்கத்துப் பிரிவில் இருந்தது. ஏற்றிய மரத்தை இறக்கிவைத்துவிட்டுத் திரும்பவும் செயலகம். போகிறவர்கள் இரண்டையும் ஒரே விண்ணப்பத்தில் கேளுங்கள், எந்த மில், எத்தனை துண்டு என்பதையும் அதிலேயே எழுதுங்கள். உறுதி, அற்றோணித் தத்துவம், அடையாள அட்டை எல்லாவற்றிலும் இரண்டிரண்டு பிரதி கையில் இருக்கட்டும்.

பனையில் வெளிப்பக்கக் கறுப்பு வைரம்தான் மரம், உள்ளே இருப்பது சோறு, பலமில்லாத மெத்தென்ற பகுதி. இளம் பனையைத் தறித்தால் முக்கால்வாசி சோறுதான் மிஞ்சும். ஆணியை நேரே அடித்தால் நார் வழியே வெடித்துவிடும், ஆணியைவிட மெல்லிய துளை போட்டுத்தான் அடிக்கவேண்டும். ஆணி நாகம் பூசியதாக இருக்கட்டும். கடல் காற்றுக்குச் சாதா ஆணி துருப்பிடித்து வீங்கி மரத்தைப் பிளக்கும். புதுச் சலாகையின் நுனிகளைச் சுவருக்குள் வைத்துச் சாந்தால் அடைக்கவில்லை. சுற்றிவர ஒரு அங்குலம் காற்றுப்போக விட்டு, நுனிக்குத் தார் பூசினோம். முன்பு அடைத்ததால்தான் கறையான் ஏறியது.

பழைய சுவர் முருகைக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும். அதற்குள் போல்ற் இறுகாது, கையால் இழுத்தாலே கழன்று வரும். அதனால் சுவரின் தலையில் 6 அங்குல உயரத்துக்குக் கொங்கிறீற் வார்த்து, 4 அடிக்கு ஒரு 12 மில்லிமீற்றர் போல்ற்றை வார்க்கும்போதே நிறுத்தி, சலாகைகள் தங்கும் சுவர்த்தட்டு மரத்தை அதில் பூட்டினோம். செலவு கூடத்தான். 2008இல் நிஷாப் புயலுக்கும் 2020இல் புரெவிப் புயலுக்கும் இங்கே இருந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. தாழ்வார ஓரத்தில் இரண்டு வரிசை, முகட்டை ஒட்டி ஒரு வரிசை, முக்கோணச் சுவரின் ஓரம், இவ்வளவுக்கும் ஓட்டின் அடியிலிருக்கும் துளைவழியே நாகக் கம்பி போட்டு றீப்பையோடு கட்டவேண்டும். காற்று முதலில் கிளப்புவது அந்த ஓரங்களைத்தான்.

கழற்றும் வேலை இரண்டு நாளில் முடிந்தது. ஒரு சரிவை முழுக்கக் கழற்றிவிட்டு மற்றதுக்குப் போகக்கூடாது, பாரம் ஒருபக்கம் இழுக்கும். இரண்டு பக்கமும் முகட்டிலிருந்து சமமாக இறங்கவேண்டும். மின்சார வயர் தாழ்வாரத்தில் கொளுவியிருந்தால் அதை முன்கூட்டியே கழற்றுவித்து வையுங்கள். திறந்த கூரைக்கு மேல் விரித்த படங்கை (தார்ப்பாயை) ஓட்டு வேலை முடியும்வரை கழற்றவேண்டாம், ஆனால் சோளகக் காற்றுக்குக் கயிறு மட்டும் காணாது, ஓரத்தில் மணல் மூட்டை வைக்கவேண்டும்.

முகட்டோட்டுக்கு 30 அடிக்கு 25, 26 போகும், எங்களுக்கு 44 அடிக்கு 38 போனது. சாந்தில் சீமெந்தைக் கூட்டினால் பலம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது வெயிலுக்கு வெடித்து, வெடிப்புவழியே தண்ணீர் குடிக்கும். ஒரு பங்கு சீமெந்து, ஒரு பங்கு சுண்ணாம்பு, ஆறு பங்கு மணல் போதும். உப்பு மணல் கூடாது. முகட்டோட்டைத் தண்ணீரில் ஊறவைத்து வைத்து, ஒரு கிழமை ஈரச்சாக்குப் போடவேண்டும்.

கடைசியாக, எங்களுக்கு இன்றைக்கும் எரிச்சல் தருவது பெரிய வீட்டுக் கூரையும் குசினிக் கூரையும் வந்து சேரும் உள்மூலை. அங்கே 24 அங்குல அகலத் தகரத்தை மடித்துப் பீலியாகப் போட்டு, இரண்டு பக்க ஓரத்தையும் மேலே மடித்து, கீழிருந்து மேலாக 6 அங்குலம் ஏற்றிவைத்தோம். அதுவரை சரி. அன்றைக்குப் பின்னேரம் நாங்கள் இல்லாத நேரத்தில், வெட்டிய ஓட்டு ஓரங்கள் "வடிவாயில்லை" என்று, மேசன் இரண்டு பக்கமும் சீமெந்தை நிரப்பிப் பூசிவிட்டார். பார்க்க வடிவுதான். தண்ணீர் ஓட 8 அங்குலம் திறந்திருக்கவேண்டிய இடம் 3 அங்குலமானது. சருகு ஒரு பிடி விழுந்தால் தண்ணீர் தேங்கி, தகரத்தின் மடிப்பைத் தாண்டி உள்ளே இறங்கும்.

அதைக் கண்டுபிடித்தது மழை வரமுன்னர். வேலையாட்களைக் கணக்குத் தீர்த்து அனுப்பமுன் குழாய்த் தண்ணீர் விட்டுப் பாருங்கள். தாழ்வாரத்தில் தொடங்கி மேலே மேலே போகவேண்டும், ஒவ்வொரு இடத்துக்கும் 20 நிமிடம், உள்ளே ஒருவர் ரோச் லைற்றோடு நிற்கவேண்டும். மேலிருந்து தொடங்கினால் எங்கே ஒழுகுகிறதென்று பிடிபடாது. உள்மூலைக்கு விட்ட ஏழாவது நிமிடத்தில் குசினி அடுப்புக்கு மேல் சொட்டத் தொடங்கியது. அடுத்த நாள் காலை அதே மேசன் உளியோடு ஏறி, முணுமுணுத்துக்கொண்டு அவ்வளவு சீமெந்தையும் கொத்தி எடுத்தார். திரும்பத் தண்ணீர் விட்டோம். பீலியால் ஒரே ஓட்டமாக இறங்கிக் கிணற்றடித் தொட்டிக்குள் விழுந்தது. உள்ளே ஒரு சொட்டில்லை.

முதல் லொறி ஓட்டில் 100 மிஞ்சியது, இரண்டாவதில் 40. இரண்டையும் வேம்புக்குக் கீழே நிமிர்த்தி அடுக்கி, "முன்", "பின்" என்று பெயின்றால் எழுதிவைத்திருக்கிறோம்.