ஆச்சிக்கு உளுந்தம்பருப்பு சோறு

எங்க ஆச்சிக்கு 84 வயசு, பக்கவாதம் வந்ததுக்கப்புறம் வீட்ல வச்சுப் பாக்க முடியாம சென்னையில ஒரு முதியோர் இல்லத்துல இருக்காங்க. போன மாசம் அங்கருந்து போன், பாட்டி சாப்பிடவே மாட்டேங்கறாங்க, மூணு கிலோ எறங்கிருச்சுன்னு. அடிச்சுப் புடிச்சு ஓடினேன். ஃபைல்ல 'சாப்பிட மறுக்கிறார்'னு நாலு நாளா எழுதி வச்சிருக்காங்க, ஆனா அவங்களுக்கு என்ன புடிக்கும்னு ஒரு வரி கூட அதுல இல்ல.

மதிய சாப்பாடு வரைக்கும் இருந்து பாத்தேன். முழுங்க கஷ்டம்ங்கறதால மிக்ஸில அடிச்சுத்தான் குடுக்கணும், அது சரி, ஆனா சோறு சாம்பார் பீன்ஸ் எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டா அடிப்பாங்க? பச்சையும் இல்லாம மஞ்சளும் இல்லாம ஒரு கூழு, உப்பே கெடையாது. ஆச்சி ஒரு ஸ்பூன் வாங்கி முழுங்காம துப்பாம வாய்க்குள்ளயே வச்சுக்கிட்டு என்னையே பாத்துட்டு இருந்தாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. தனித்தனியா அடிச்சு தனித்தனியா வச்சாலே எது என்னன்னு நாக்குக்குத் தெரியும்ல.

வயசானா ருசியும் வாசனையும் மங்கிரும், சில மாத்திரைங்க வேற வாயைக் கசக்க வைக்கும், இதுல பத்தியத்தையும் இறுக்கிப் புடிச்சா சோறு எப்படி எறங்கும்? அமெரிக்க டயட்டீஷியன் அமைப்பே முதியோர் இல்லங்கள்ல ஆளப் பாத்து பத்தியத்தத் தளர்த்தச் சொல்லி ரொம்ப வருஷமாச்சு. அங்க மெடிகேர்ங்கற அரசு மருத்துவக் காப்பீட்டுல வர்ற நர்சிங் ஹோம்னா அவங்கவங்க விருப்பத்த அனுசரிச்சு சாப்பாடு போடணும்னு விதியே இருக்கு, ராத்திரி சாப்பாட்டுக்கும் காலை டிபனுக்கும் நடுவுல பொதுவா 14 மணி நேரத்துக்கு மேல போகக்கூடாது. இங்க சாயங்காலம் 6 மணிக்கு ரவைக்கஞ்சி, அப்புறம் காலைல 8.30க்குத்தான்.

சமையல் அக்காவ குத்தம் சொல்ல மாட்டேன், ஒத்தை ஆளா அம்பது பேருக்குப் பொங்கறாங்க. அவங்ககிட்டயும் டாக்டர்கிட்டயும் பேசி, அளவா உப்பு சேக்கலாம்னு அனுமதி வாங்கினேன். போன ஞாயித்துக்கிழமை கருப்பு உளுந்து, பூண்டு, தேங்கா போட்டு உளுந்தம்பருப்பு சோறு கொழைய வடிச்சு மிக்ஸில அடிச்சு, எள்ளுத் தொவையலும் மையா அரைச்சு தனிக் கிண்ணத்துல கொண்டு போனேன். மூடியத் தொறந்ததுமே ஆச்சி தலையத் தூக்கினாங்க. பாதிக் கிண்ணம் மெதுவா உள்ள போச்சு, நான் மூச்சக் கூட விடல.

அப்புறம் நாக்கு குழறக் குழற சொன்னாங்க, "ஏட்டி, தொவையல்ல புளி காணாது."