டிரெடிலை எடைக்குப் போட்ட மறுவாரம், காற்றாடி மலைக்கு

போன ஆடியில் அச்சகத்தைப் பூட்டினேன். அப்பா டிரெடில் மெஷினை மிதித்து மிதித்து வளர்த்த தொழில். நான் கடன் வாங்கி ஆஃப்செட் போட்டது, அப்புறம் கல்யாணப் பத்திரிகை வாட்ஸ்அப்பில் போக ஆரம்பித்தது, நோட்டீஸ் வேலையெல்லாம் ஃப்ளெக்ஸுக்குப் போனது என்று மிச்சம் எல்லாருக்கும் தெரிந்த கதைதான். ஆஃப்செட்டை ஒருவர் மெஷினாகவே வாங்கிக்கொண்டார். டிரெடிலை அப்படி வாங்க ஆளில்லை, பழைய இரும்பாக எடை போட்டுத்தான் எடுத்தார்கள். லாரியில் ஏற்றும்போது நான் வெளியே வரவில்லை.

அந்த வாரம் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் சொல்லி வைத்த மாதிரி, பைபிளில் சொத்தும் பிள்ளைகளும் இழந்து சோதிக்கப்பட்ட யோபுவை இழுத்தார்கள். "ஆண்டவர் சோதிக்கிறார்னா பெருசா ஏதோ கொடுக்கப் போறார்னு அர்த்தம். யோபுக்கு எல்லாம் ரெண்டு மடங்கா கிடைச்சுதுல்லா?" என்றார் சித்தப்பா. 7,000 ஆடு போய் 14,000 ஆடு வந்தது சரிதான். செத்துப்போன பத்துப் பிள்ளைகள்? கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

"ஏங்க, சும்மா சீலிங்கையே பார்த்துட்டு இருக்கதுக்கு தேவசகாயம் கோயிலுக்காவது போயிட்டு வருவோம்" என்றாள் என் மனைவி. பாளையங்கோட்டையிலிருந்து நாகர்கோவில் போகிற வழியில்தான் ஆரல்வாய்மொழி, அங்கேதான் காற்றாடி மலை. ஆனாலும் புனிதர் தேவசகாயத்தைச் சுட்டுக் கொன்ற இடம் அது என்பதால் அதைக் கடைசிக்கு வைத்துக்கொண்டு முதலில் புலியூர்க்குறிச்சிக்குப் போனோம்.

அங்கே முட்டிடிச்சான் பாறை இருக்கிறது. கைதியாக இழுத்துக்கொண்டு போகும்போது தாகத்தில் தண்ணீர் கேட்டிருக்கிறார், கொடுக்கவில்லை, ஜெபித்துக் கைமுட்டால் பாறையை இடித்ததும் ஊறியது என்பது ஊர் நம்பிக்கை. பெரிய ஊற்று என்று நினைத்துக்கொண்டு போனேன். பாறையில் சின்னக் குழி, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற ஒரு பாட்டி, "மக்களே, பைய எடு, கலக்காத" என்றார். நெற்றியில் தொட்டுக்கொண்டேன். குளிர்ச்சியாக இருந்தது.

பக்கத்திலேயே உதயகிரிக் கோட்டை. இப்போது வனத்துறைப் பூங்காவாக வைத்திருக்கிறார்கள், மான் பார்க்க வருகிறவர்கள்தான் நிறைய. உள்ளே கூரையில்லாத ஒரு சின்னக் கோயிலில் டிலனாயின் கல்லறை, தமிழும் லத்தீனும் வெட்டிய கல். 1741-ல் குளச்சல் போரில் திருவிதாங்கூர் ராஜா மார்த்தாண்ட வர்மாவிடம் தோற்றுப் பிடிபட்ட டச்சுப் படைக்காரர், பிறகு அதே ராஜாவின் படைக்கே தளபதியானவர். பின்னால் தேவசகாயம் ஆன நட்டாலம் நீலகண்டன் அப்போது அரண்மனை அதிகாரி. அவர் மாடுகள் செத்து, சொத்து கரைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றபோது இந்த மனிதர்தான் அவருக்கு யோபுவின் கதையைச் சொன்னார்.

அந்தக் கல்லறை முன்னால் நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. எனக்குச் சொன்ன அதே கதைதான் அவருக்கும் சொல்லப்பட்டிருக்கிறது, ஆனால் சொன்னவர் தானே எல்லாம் இழந்து, ஊர் திரும்ப வழியில்லாமல், தோற்கடித்த ராஜாவிடமே வேலை பார்த்தவர். காப்பி குடித்துவிட்டுச் சொன்னதில்லை. (சித்தப்பா மன்னிக்கட்டும். அவரும் நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்.)

இன்னொன்று. நீலகண்டனுக்கு இரண்டு மடங்கு கிடைக்கவே இல்லை. 1745-ல் வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் வாங்கித் தேவசகாயம் ஆனார். லாசர் என்பதன் தமிழ் அது. அதற்கப்புறம்தான் உண்மையான கஷ்டமே ஆரம்பித்தது. 1749-ல் கைது, எருமை மேல் பின்பக்கமாக உட்கார வைத்து ஊர்வலம், அடித்த புண்ணில் மிளகாய்ப்பொடி, பெருவிளையில் வேப்பமரத்தில் மாதக்கணக்கில் கட்டிப்போட்டது. 1752 ஜனவரி 14, துப்பாக்கிச் சூடு. வயது 39. என்னைவிட எட்டு வயது சின்னவர். வேதத்துக்கு வந்ததும் எல்லாம் சரியாகிவிடும் என்று யாராவது அவரிடம் சொல்லியிருந்தால் முதல் சவுக்கடியிலேயே திரும்பிப் போயிருப்பார் என்று தோன்றுகிறது.

மறுநாள் கோட்டாறு சவேரியார் கோயில். மலையடிவாரத்தில் கிடந்த எலும்புகளை எடுத்து வந்து இங்கே பீடத்தின் முன்னால்தான் அடக்கம் செய்தார்கள். 2012-ல் நாகர்கோவிலில் அருளாளர் பட்டம், 2022 மே 15-ல் ரோமில் புனிதர் பட்டம். புனிதராக அறிவித்தபோது பெயரில் 'பிள்ளை' இல்லை, சாதியைப் பார்க்காமல் எல்லாரோடும் பழகியவருக்கு அதுதான் மரியாதை. நம் கோயில்களில் சாதி இன்னும் எங்கெங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பேச ஆரம்பித்தால் இந்தப் பயணக் கதை முடியாது.

காலைப் பூசை முடிந்து கூட்டம் கலைந்திருந்தது. முழங்காலில் நின்றேன். மறைக்க என்ன இருக்கிறது, முதலில் கடனைத்தான் கேட்டேன். இத்தனை வருஷமும் என் ஜெபமே கணக்குப் புத்தகம் மாதிரிதான், நான் வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தேன், நீர் இந்த ஆர்டரை முடித்துக் கொடும் என்று வரவு ஒரு பக்கம், செலவு ஒரு பக்கம். வட்டி, தவணை, அடகு வைத்த சங்கிலி என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவன் டிரெடில் என்ற இடத்தில் நின்றுவிட்டேன். மனைவியிடம்கூட அதைப் பற்றிப் பேசியதில்லை. அப்பா காலால் தேய்ந்து வழுவழுவென்று இருந்த அந்த மிதிகட்டை கண்ணுக்குள் வந்தது. அதையும் எடுத்துக்கொண்டீரே என்று திட்ட ஆரம்பித்தேன். ஆமாம், ஆண்டவரைத்தான். மரியாதையில்லாமல், சத்தமில்லாமல், ரொம்ப நேரம்.

எழுந்தபோது பயமாக இருக்கவில்லை. யோபு புத்தகத்தில் நாம் கதையாகச் சொல்வது முதலும் கடைசியும் மட்டும்தான். நடுவில் அத்தனை அதிகாரமும் அந்த மனுஷன் ஆண்டவரிடம் வழக்காடுகிறான், ஆறுதல் சொல்ல வந்த நண்பர்கள் ஆண்டவருக்காக வக்காலத்து வாங்குகிறார்கள். கடைசியில் ஆண்டவர், என்னைப் பற்றிச் சரியாகப் பேசியது யோபுதான், நீங்கள் இல்லை என்கிறார். எத்தனையோ தரம் வாசித்த வசனம்தான், அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. ஒருசந்திக் கணக்கு எழுதின இத்தனை வருஷத்தில் நான் அவரிடம் ஒளிக்காமல் பேசியது அந்த அரைமணி நேரம்தான்.

சாயங்காலம் ஆரல்வாய்மொழியில் இறங்கினோம். கணவாய் ஊர், ஆடிக்காற்று ஆளைத் தள்ளுகிறது, சுற்றிலும் காற்றாலைகள். பூக்காரம்மா, "மெழுகுதிரி மேல எரியாது, கீழயே ஏத்திட்டுப் போங்க" என்றார். கேட்காமல் வாங்கிக்கொண்டு ஏறி, மேலே பத்துத் தீக்குச்சி வீணானதும் மெழுகுதிரியைத் திரும்பப் பைக்குள் போட்டாள் மனைவி. நான் சிரித்துவிட்டேன். எத்தனை நாளைக்கப்புறம் என்று அவள் சொல்லவில்லை, பார்த்தாள்.

அவரைச் சுட்டபோது மலையிலிருந்து விழுந்து மணிபோல் ஒலித்தது என்கிற பாறை அங்கே இருக்கிறது, மணியடிச்சான் பாறை. வருகிறவர்கள் சின்னக் கல்லால் தட்டிப் பார்ப்பார்கள். அவள் தட்டினாள். கல் சத்தமே இல்லை, இரும்புச் சத்தம். அச்செழுத்துகளை அடுக்கி, சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தை முடுக்கி, அப்பா ஓரத்தில் ஒரு தட்டுத் தட்டுவார், இறுக்கம் பார்க்க. அந்தச் சத்தம்.

"இன்னொரு தடவை தட்டு" என்றேன்.

"எதுக்கு?"

அப்போதுதான் அவளிடம் லாரி வந்த நாளைப் பற்றிச் சொன்னேன். கடைசி பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவள் கல்லைக் கீழே போடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.