அது வேறண்ணே

வேண்டாம்ணே என்று நான் சொன்னதற்குக் காரணங்கள் இருந்தன. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அதே காரணங்களைத்தான் சொல்வேன். பக்கம் வடிவமைக்கும் பேஜ்மேக்கர் ஒழுங்காக ஓடாது. பழைய எழுத்துருவில் அடித்து வைத்த கோப்புகள் சொன்னபடி கேட்காது. பிரிண்டர் தகராறு பண்ணும். இதில் ஒன்றும் பொய் இல்லை. வேறு யாராவது கேட்டு இதே பதிலைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே மறந்திருப்பேன். வீட்டுக் கணினியில் லினக்ஸ் போட்டுத் தருவாயா என்று கேட்டவர் என்னோடு வேலை செய்யும் அண்ணன்.

கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளில், அலுவலகத்தில் அவர் விண்டோஸ் கட்சி, நான் லினக்ஸ் கட்சி. அவர் விஷுவல் பேசிக் 6 என்ற பழைய நிரல்மொழிக் காலத்தில் தொடங்கியவர். நாகர்கோவிலிலிருந்து களியக்காவிளை வரைக்கும் பல கடைகளில் அவர் எழுதிய பில்லிங் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. நான் சர்வர் பக்கம், உபுண்டு என்ற லினக்ஸ் வகை. இரண்டு பேர் வேலையும் சந்திக்கிற இடத்தில்தான் சண்டை வரும். அவர் பெரிய எழுத்தில் பெயர் வைத்து அனுப்பும் லோகோ சர்வருக்கு வந்ததும் காணாமல் போகும். விண்டோஸ் அதைப் பொருட்படுத்தாது. லினக்ஸுக்குப் பெரிய எல் வேறு, சின்ன எல் வேறு. "தமிழன் எழுத்துல பெரிசு, சின்னது உண்டா லே? உன் சர்வருக்கு மட்டும் என்னத்துக்கு இந்த ஏற்றத்தாழ்வு?" என்பார். அவர் தன் கணினியில் திருத்திய ஸ்கிரிப்ட், விண்டோஸ் வரி முடிவில் வைக்கும் அந்தக் கண்ணுக்குத் தெரியாத கூடுதல் எழுத்தால் சர்வரில் படுத்துக்கொள்ளும். நான் அதை நீக்கிவிட்டு, "அண்ணே, உங்க வால் ஒட்டிக்கிட்டு வந்திருக்கு" என்பேன்.

டீயும் ரசவடையும் வந்துவிட்டால் வாதம் வரலாற்றுக்குப் போய்விடும். 2001-இல் மைக்ரோசாஃப்டின் அன்றைய தலைமைச் செயல் அதிகாரி ஸ்டீவ் பால்மர் லினக்ஸைப் புற்றுநோய் என்று சொன்னதை நான் எடுத்துப் போடுவேன். அண்ணன் 2016-ஐ எடுப்பார். அந்த ஆண்டில்தான் விண்டோஸ் 10-க்குள்ளேயே லினக்ஸ் கட்டளைகள் ஓட வழி செய்தார்கள். "நான் எதுக்கு உன் வீட்டுக்கு வரணும் மக்கா? உன் வீடே எங்க விளைக்குள்ள வந்து கெடக்கு." நான் கேரளத்தைக் காட்டுவேன். எல்லையைத் தாண்டினால் அரசுப் பள்ளிப் பிள்ளைகள் லினக்ஸில்தான் கணினி படிக்கிறார்கள். பாறசாலையில் மலையாள மீடியத்தில் படிக்கும் அண்ணனின் அக்கா மகனே அதற்குச் சாட்சி. உடனே அவர் நம்மூர் இலவச மடிக்கணினிக்கு வருவார். 2011-இல் அந்தத் திட்டம் தொடங்கியபோது விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. "எத்தன பிள்ளைங்க அதத் திறந்து பாத்திச்சு?" என்று கேட்பார். எனக்குக் கிடைத்தது அதில் ஒன்றுதான், நான் திறந்து பார்த்தேன், கிறுக்குப் பிடித்ததே அங்கேதான் என்றால், "ஒரு ஆளு. சரி, ஓட்டு எண்ணியாச்சு" என்பார்.

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அப்புறம் 2025 அக்டோபர் வந்தது.

விண்டோஸ் 10-க்கான ஆதரவு அந்த மாதம் 14-ஆம் தேதியோடு முடிகிறது என்று எல்லோருக்கும் தெரியும். அண்ணன் வீட்டுக் கணினி இன்டெல் 6-ஆம் தலைமுறை. விண்டோஸ் 11 இன்டெல்லில் 8-ஆம் தலைமுறைக்குக் கீழே அநேகமாக ஏற்காது, டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேறு கேட்கும். கணினியில் ஒரு பழுதும் கிடையாது. மைனி, அதாவது அண்ணனின் மனைவி, அதில்தான் டிடிபி என்கிற அச்சு வடிவமைப்பு வேலை செய்கிறார்கள். தக்கலைப் பக்கம் கல்யாண அழைப்பிதழ், கோயில் கொடை நோட்டீஸ், சர்ச் அறிக்கை, கண்ணீர் அஞ்சலி என்று ஓயாத வேலை. விதியை ஏமாற்றி 11-ஐப் போட்டுத் தர ஊரில் பையன்கள் உண்டு. அண்ணனுக்கு அதில் இஷ்டமில்லை. நாளைக்கு அப்டேட் நின்றால் யாரைப் போய்க் கேட்பது?

டீக்கடையில் வைத்துக் கேட்டிருந்தால் கிண்டல் என்று எடுத்துக்கொண்டிருப்பேன். எல்லோரும் கிளம்பிய பிறகு, வெளியே மழை விடட்டும் என்று நான் உட்கார்ந்திருந்தபோது வந்தார். நாற்காலியை இழுத்துப் போடவில்லை. நின்றுகொண்டே கேட்டார்.

"மக்கா, வீட்டுல உள்ளதுல லினக்ஸப் போட்டுத் தாறியா?"

வழக்கமாக 'உன் லினக்ஸ்' என்றுதான் சொல்வார். அன்றைக்கு அந்த 'உன்' இல்லை. இதை நான் பிறகுதான் யோசித்தேன்.

"வேண்டாம்ணே."

யோசிக்காமலே வந்துவிட்டது. அதற்குப் பிறகுதான் பேஜ்மேக்கர், எழுத்துரு, பிரிண்டர் எல்லாம் வரிசையாக வந்தன. அவர் முழுவதையும் கேட்டார். ஒன்றையும் மறுக்கவில்லை. சிரித்தபடி, "பின்ன இவ்வளவு நாளும் நீ சொன்னதெல்லாம் என்னதுலே?" என்றார்.

"அது வேறண்ணே."

"சரி" என்று சொல்லிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மொத்தம் இரண்டு நிமிடம்கூட இருக்காது.

அது என்ன வேறு என்று அன்றிலிருந்து எனக்கு நானே விளக்கிக்கொண்டிருக்கிறேன். விளக்கம் ஒன்றும் மோசமில்லை. பேஜ்மேக்கரின் கடைசிப் பெரிய பதிப்பு 2001-இல் வந்தது. லினக்ஸுக்கு அது வந்ததே இல்லை. மைனியின் மாதிரிகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன, அதுவும் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'தமிழ்' என்ற சொல்லே ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று நிற்கும். விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போட்டு இழுத்துப் பிடித்து ஓட்டலாம். ஆனால் ஓடுவது வேறு, நாளை காலை ஏழு மணிக்கு அச்சகத்துக்குப் போக வேண்டிய நோட்டீஸை நம்பிக் கொடுப்பது வேறு. கொடை நோட்டீஸில் நன்கொடை கொடுத்தவர் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனாலே வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்பார்கள். டீக்கடையில் நான் பேசியது சர்வரைப் பற்றி, புரோகிராமர்களைப் பற்றி, அரசாங்கங்களைப் பற்றி. மைனியைப் பற்றி நான் ஒருநாளும் பேசியதில்லை.

பிரிண்டர் கதையும் கற்பனை இல்லை. சொந்தக்காரர் ஒருவருக்கு ஆசையாக லினக்ஸ் போட்டுக் கொடுத்தேன். அவரிடம் இருந்தது ஊரில் எல்லா டிடிபி கடையிலும் கிடக்கிற அந்தப் பழைய லேசர் பிரிண்டர். இன்றைக்கும் கல்யாண வீட்டில் என்னைக் கண்டால், சாப்பிட்டியா என்று கேட்பதற்கு முன்னால் பிரிண்டரைப் பற்றித்தான் கேட்பார்.

ஆக நான் சொன்னது சரி. ஒரு வெறியன் என்றால் யோசிக்காமல் போட்டுக் கொடுத்திருப்பான். எனக்குக் கட்சியைவிட ஆள் பெரிது. இப்படிச் சொல்லும்போது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஆனால் மைனியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அண்ணனிடமும் வேறு வழி எதையும் சொல்லவில்லை. பென்டிரைவிலிருந்து ஓட்டிப் பார்க்கலாம், வட்டில் கைவைக்கவே வேண்டாம். இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைக்கலாம். லினக்ஸுக்குள் ஒரு மெய்நிகர் கணினி போட்டு, அதில் பழைய விண்டோஸை இணையம் இல்லாமல் பேஜ்மேக்கருக்கென்றே ஓடவிடலாம். வெளியாள் யாராவது கேட்டிருந்தால் மூச்சு விடாமல் இந்த மூன்றையும் சொல்லியிருப்பேன், அது எனக்கே தெரியும். அண்ணன் நின்றுகொண்டிருந்த அந்த நேரத்தில் இதில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

மறுநாள் வேறொன்று சொன்னேன். மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து அமைப்புகளைக் காப்பு வைத்தால், காசில்லாமலே 2026 அக்டோபர் 13 வரைக்கும் விண்டோஸ் 10-க்குப் பாதுகாப்பு அப்டேட் வரும் என்றேன். விண்டோஸின் ஆயுளை ஒரு வருடம் நீட்டிக்க லினக்ஸ்காரன் யோசனை சொல்கிறான். "நீயா சொல்லுதே?" என்றார். நான்தான் சொன்னேன். நல்ல யோசனைதான் அது, இப்போதும் யாருக்கும் சொல்வேன்.

அண்ணனுக்குப் பிடித்த கதை ஒன்று உண்டு. 1992 ஜனவரியில், மினிக்ஸ் என்ற இயங்குதளத்தை உருவாக்கிய ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், லினக்ஸின் வடிவமைப்பு காலாவதியானது என்று எழுதினார். நீ என் மாணவனாக இருந்தால் இதற்கு நல்ல மதிப்பெண் கிடைத்திருக்காது என்று லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸுக்குப் பதிலும் எழுதினார். லினஸ் அப்போது ஹெல்சிங்கியில் படித்துக்கொண்டிருந்தவர், லினக்ஸை எழுதத் தொடங்கியதே மினிக்ஸ் ஓடிய கணினியில். "வாத்தியார் மார்க்கு போட மாட்டேன்னு சொன்ன பயலுக்க கட்சியிலயா நீ இருக்கே?" என்று அண்ணன் அதைச் சொல்லும்போது கூட இருப்பவர்கள் எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். இப்போது அந்தக் கதையை நினைத்தால் வேறொன்று தோன்றுகிறது. அந்தச் சண்டை முடிந்த மறுவாரம் டானென்பாம் வந்து, சரி தம்பி, எனக்கும் ஒரு பிளாப்பி தா என்று கேட்டிருந்தால் லினஸ் என்ன செய்திருப்பார்? கொடுத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். அவருக்கு என்ன, மைனி கிடையாது, கொடை நோட்டீஸ் கிடையாது.

பார்த்தீர்களா, மறுபடியும் மைனியை இழுத்துவிட்டேன்.

ஒருவேளை அவர் அந்தப் பக்கமே இருக்க வேண்டும் என்று நான் விரும்பியிருக்கலாம். அவரும் இந்தப் பக்கம் வந்துவிட்டால் டீக்கடையில் யாரோடு மல்லுக்கட்டுவது? சின்னப் பையன்கள் இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு இதெல்லாம் ஒரு விஷயமே இல்லை. எது கொடுத்தாலும் அதில் பிரவுசரைத் திறந்து வேலையை முடித்துவிட்டுப் போகிறார்கள். இல்லை, இவ்வளவு ஆழமெல்லாம் ஒன்றுமில்லாமல், ஞாயிற்றுக்கிழமை மழையில் தக்கலைக்குப் பஸ் ஏற சோம்பலாகவும் இருந்திருக்கலாம். இதில் எது உண்மை என்று பார்க்கப் போனால், ஒவ்வொரு நாளும் ஒவ்வொன்று உண்மையாகத் தெரிகிறது.

டீக்கடை வழக்கம்போல நடக்கிறது. புதிதாகச் சேர்ந்திருப்பது ஒன்றுதான். நான் எதையாவது அடித்துப் பேசும்போது அண்ணன் டம்ளரைக் கீழே வைக்காமல், "அது வேற, இல்லியா?" என்கிறார். சுற்றியிருப்பவர்களுக்கு என்னவென்று தெரியாது, ஆனாலும் சிரிக்கிறார்கள். அவர் குத்துகிறாரா, சும்மா விளையாடுகிறாரா என்று எனக்கும் தெரியவில்லை.

டிசம்பரில் ஒருநாள் மதியம் மேசைப் பக்கம் வந்து, "லே, லினக்ஸ்ல தமிழ்99 கீபோர்டு எப்பிடிக் கொண்டாறது?" என்றார்.

"யாருக்குண்ணே?"

"அக்கா மகனுக்கு. சும்மா கேட்டான்."

ஐபஸ், எம்17என் என்ற தட்டச்சு மென்பொருள்களை நிறுவ வேண்டும், அப்புறம் உள்ளீட்டு மூலங்களில் தமிழ்99 சேர்க்க வேண்டும், மொழி மாற்ற இன்ன விசை என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். ஒரு பழைய பில்லின் பின்பக்கத்தில் குறித்துக்கொண்டார். பாறசாலையில் மலையாளத்தில் படிக்கிற பையனுக்குத் தமிழ்99 எதற்கு என்று நான் கேட்கவில்லை.

"இதுக்கு விண்டோஸ்ல ரெண்டு கிளிக்கு" என்றார், பில்லை மடித்துக்கொண்டே.

"தமிழ்99-ஐ அரசு தரமா அறிவிச்சது 1999-ல. உங்க விண்டோஸுக்குள்ள அது வந்து சேர்ந்தது 2019 மே மாசத்து அப்டேட்ல. அந்த ரெண்டு கிளிக்குக்கு இருபது வருஷம் ஆச்சுண்ணே."

"அது வேற" என்றார்.