"எதில் 95?": சாலைக் கரைத் தர விதிகளை நான் படித்த விதம்

எம்.இ.-யில் நெடுஞ்சாலைக் கட்டுமானத் தாளுக்கு எல்லாரும் படிப்பது போலத்தான் நானும் படித்தேன். செய்முறை விதி (எப்படி இறுக்க வேண்டும் என்பது), இறுதி முடிவு விதி (இறுக்கிய பின் என்ன அடர்த்தி வேண்டும் என்பது), செயல்திறன் சார்ந்த விதி (மண் சுமையை எப்படித் தாங்க வேண்டும் என்பது) என்று மூன்று வரையறை, ஒவ்வொன்றுக்கும் நாலு பாயிண்ட், மனப்பாடம். வைவாவில் வெளியிலிருந்து வந்த பேராசிரியர், சாலைக்காக மண்ணைக் கொட்டி இறுக்கி எழுப்பும் மேடான கரையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி, "கரைக்கு 95 சதவீதம் என்கிறீர்களே, எதில் 95?" எம்.இ. சேருவதற்கு முன் இரண்டு வருடம் சைட்டில் நின்று இறுக்கிய மண்ணின் அடர்த்தியை அளக்கக் குழி தோண்டி, குழியின் கனஅளவுக்காக மணல் ஊற்றிய ஆள் நான், ஆனாலும் வாய் வரவில்லை.

அதனால் வரையறையில் ஆரம்பிக்காதீர்கள், அந்த 95-இல் ஆரம்பியுங்கள். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2013 விதிநூலில், பிரிவு 305-இன்படி, கரைக்கு 95, சப்கிரேடுக்கு (சாலைத் தளத்துக்கு நேர் கீழே வரும் மண் அடுக்கு) 97. இரண்டுமே கனரக ப்ராக்டர் சோதனையில் (ஆய்வகத்தில் மண்ணைச் சுத்தியலால் இடித்து இறுக்கிப் பார்ப்பது, ஐ.எஸ். 2720 பகுதி 8) கிடைக்கும் உச்ச உலர் அடர்த்தியில் இத்தனை சதவீதம். 4.9 கிலோ சுத்தியல், 450 மி.மீ. உயரம், 5 அடுக்கு. பகுதி 7-இல் வரும் லேசான ப்ராக்டரின் 2.6 கிலோ, 310 மி.மீ., 3 அடுக்கோடு இதைக் குழப்பினால் மொத்தப் பதிலும் சாயும்.

சைட்டில் ஒருநாள் எனக்கு 103 சதவீதம் வந்தது. ரோலர் பிரமாதம் என்று குதித்தேன். சீனியர் ரீடிங்கைப் பார்த்துவிட்டு, "தம்பி, இது எந்த மண்ணோட ப்ராக்டர்?" என்றார். கிராவல் வேறு குவாரிக்கு மாறி மூன்று நாள் ஆகியிருந்தது, நான் பழைய மண்ணின் அடர்த்தியால் வகுத்துக்கொண்டிருந்தேன். இன்னொன்று, மணல் ஊற்றும்போது பக்கத்தில் வைப்ரேட்டரி ரோலர் ஓடினால் குழிக்குள் மணல் நெருங்கி அமர்ந்து அதிகம் இறங்கும், குழி பெரிதாகத் தெரியும், அடர்த்தி குறைந்து வரும். இப்படி ஒரு வரி எழுதினால் திருத்துபவர் நிமிர்ந்து உட்காருவார் என்று நம்புகிறேன்.

பலரும் தாண்டிப்போகும் இடம் அதே விதிநூலில் தரக் கட்டுப்பாடு பற்றிய பிரிவு 903. கரையில் 3000 சதுர மீட்டருக்கு ஒரு அளவீடு, ஒரு தொகுதிக்கு 6 சோதனை என்பது வரை எழுதிவிடுவார்கள். ஆனால் சராசரி 95-ஐத் தாண்டினால் மட்டும் போதாது. 1.65-இலிருந்து, 1.65-ஐ சோதனை எண்ணிக்கையின் வர்க்கமூலத்தால் வகுத்ததைக் கழித்து, திட்ட விலக்கத்தால் பெருக்கி, அதை 95-உடன் கூட்டி வருகிற எண்ணுக்குக் குறையாமல் சராசரி இருக்க வேண்டும். 6 சோதனைக்கு அந்தக் கெழு 0.976. போட்டுப் பாருங்கள்: 98, 94, 97, 95, 96, 99. சராசரி 96.5, விலக்கம் 1.87, தேவை 96.8, ஃபெயில்! 95.5, 96, 96.5, 96, 95.5, 96.5 என்ற தொகுதிக்குச் சராசரி 96-தான், ஆனால் விலக்கம் 0.45, தேவை 95.4, பாஸ். குறைந்த சராசரி பாஸ், அதிக சராசரி ஃபெயில். ஒரே சீராக இறுக்காதவனுக்குத் தண்டனை, அவ்வளவுதான் விஷயம். எனக்கு இது புரிந்த அன்றுதான் இந்தப் பாடமே பிடித்தது.

சரி, செயல்திறன் எங்கே வருகிறது? ப்ராக்டர் வளைவை (ஈரம் மாற மாற அடர்த்தி எப்படி மாறுகிறது என்ற வரைபடம்) வரைந்து 95 சதவீதத்தில் ஒரு கிடைக்கோடு போடுங்கள், வளைவை இரண்டு இடத்தில் வெட்டும். அடர்த்தி ஒன்று, ஈரம் இரண்டு. உலர்ந்த பக்கத்து மண் இன்றைக்குக் கல் மாதிரி இருக்கும், நீர் ஊறினால் இளகும், சில மண் அமுங்கியும் விடும். ஈரப் பக்கத்து மண் இன்றைக்கே தொளதொள. அடர்த்திக்கு இரண்டும் பாஸ். செய்முறை விதியின் கதையும் இதேதான். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஆட்டுக்கால் ரோலரின் பாதங்கள் மண்ணில் புதையாமல் மேலே ஏறி வந்தால் இறுகிவிட்டது என்று எடுத்துக்கொண்டிருந்தார்கள். எல்லா மண்ணுக்கும் அந்த அடையாளம் நம்பத்தக்கதல்ல என்று அங்கு நடந்த ஆய்வே சொன்னது. அப்புறம்தான் டி.சி.பி. (மண்ணில் கூம்பை அடித்து இறக்கி வலிமை பார்க்கும் கருவி) பக்கம் திரும்பினார்கள்: 8 கிலோ சுத்தியல், 575 மி.மீ. வீழ்ச்சி, ஒரு அடிக்குக் கூம்பு எத்தனை மி.மீ. இறங்குகிறது என்ற கணக்கு. 292-ஐ அந்த மி.மீ.-இன் 1.12 அடுக்கால் வகுத்தால் சி.பி.ஆர்., அதாவது மண்ணின் தாங்குதிறன் எண். அடிக்கு 20 மி.மீ. என்றால் சுமார் 10. அதை ஐ.ஆர்.சி. 37-இன் (சாலைத் தள வடிவமைப்பு வழிகாட்டி) 17.6 × சி.பி.ஆர்.-இன் 0.64 அடுக்கு என்ற சமன்பாட்டில் போட்டால் மண்ணின் விறைப்பு கிட்டத்தட்ட 77 மெகாபாஸ்கல். டிசைனில் நீங்கள் எடுத்துக்கொண்ட எண்ணை இப்போது சைட்டிலேயே சரிபார்க்கலாம், அடர்த்தியை வைத்து அது முடியாது.

வைவாவில் மடக்கினால் ஒன்று சொல்லுங்கள்: டி.சி.பி.-யும் எல்.டபிள்யூ.டி.-யும் (எடையை விழவிட்டு மண்ணின் விறைப்பை அளக்கும் கருவி) கூட முழுச் செயல்திறன் அல்ல. பத்து வருடம் கழித்துக் கரை எவ்வளவு இறங்கியது என்பதுதான் உண்மையான செயல்திறன், அதற்காக பில்லை நிறுத்திவைக்க முடியாதே, அதனால்தான் "சார்ந்த" என்ற சொல்.

கடைசியாக, திட்ட விலக்கத்துக்குக் கால்குலேட்டரில் n கழித்தல் 1 பொத்தானை அழுத்திப் பழகிக்கொள்ளுங்கள். தேர்வறையில் நான் மற்றதை அழுத்தி 1.71 வாங்கி, மேலே அடித்து எழுதிய தாள்தான் போனது.