கார் கடனுக்குப் பல இடங்களில் கொட்டேஷன் வாங்கிய அனுபவம்

கார் வாங்குவது என்று முடிவானதும் ஷோரூமுக்குப் போவதற்கு முன்பே கடனைத்தான் விசாரிக்க ஆரம்பித்தேன். வண்டியைப் பார்த்து மனம் போன பிறகு கடன் பேச உட்கார்ந்தால், எங்கே கையெழுத்து என்று கேட்கும் அவசரம்தான் இருக்கும். அதனால், ஒரே விண்ணப்பத்தைப் பல வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் அனுப்பி வைக்கும் இணையச் சேவை ஒன்றின் மூலம் போனேன்.

இந்தச் சேவைகள் தாங்களே கடன் கொடுப்பதில்லை. நம் வருமானம், வேலை, ஏற்கெனவே கட்டிக்கொண்டிருக்கும் தவணைகள் எல்லாவற்றையும் வாங்கி, தங்களோடு ஒப்பந்தம் போட்டிருக்கும் நிறுவனங்களுக்குக் கொடுக்கிறார்கள். கமிஷன் பெரும்பாலும் அந்த நிறுவனங்களிடமிருந்து வருவதால் நம்மிடம் காசு கேட்பதில்லை. ஆகவே பட்டியலில் முதலில் நிற்பதுதான் மலிவு என்று நம்பிவிட முடியாது.

படிவத்தில் நான் நின்று நிதானமாகப் படித்தது கடைசியில் இருந்த சம்மதப் பகுதியைத்தான். நம் கிரெடிட் அறிக்கையை, அதாவது நாம் வாங்கிய கடன்களை எப்படிக் கட்டினோம் என்ற பதிவை, எப்படிப் பார்ப்பார்கள் என்பது அதில்தான் இருக்கிறது. அவர்கள் அதை மேலோட்டமாக மட்டும் பார்த்தால், நம் கடன் நம்பகத்தைக் காட்டும் எண்ணான ஸ்கோர் மாறாது. கடன் விண்ணப்பமாகவே எடுத்துப் பார்த்தால் அறிக்கையில் பதிவாகும், ஸ்கோர் கொஞ்சம் இறங்கவும் செய்யலாம். இதில் எது நடக்கும் என்று படிவத்தில் தெளிவாக இல்லை. அந்தச் சேவையைக் கூப்பிட்டுக் கேட்டேன். "உத்தேச வட்டி சொல்வதற்கு மேலோட்டமாகத்தான் பார்ப்போம், நீங்கள் ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகுதான் முழு விசாரணை" என்றார் போனை எடுத்த பெண். அதையே மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லி, வந்த பிறகுதான் சமர்ப்பித்தேன்.

அப்புறம் போன் அடிக்க ஆரம்பித்தது. எல்லாரும் மாதத் தவணையைத்தான் முதலில் சொன்னார்கள். நான் எல்லாருக்கும் ஒரே கேள்வியை வைத்தேன்: இந்தத் தொகை, ஐந்து வருடம், மாறாத வட்டி, எல்லாக் கட்டணமும் சேர்த்து நான் மொத்தம் கட்டப்போவது எவ்வளவு? எழுத்தில் அனுப்புங்கள். சிலர் அதோடு காணாமல் போனார்கள். அனுப்பியவர்களை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

காகிதத்தில் வந்ததும்தான் வித்தியாசம் புரிந்தது. ஒரு நிறுவனம் 7 சதவீதம் என்றது, இன்னொன்று 9. பார்த்தால் 7 தான் லாபம். ஆனால் அந்த 7 ஃப்ளாட் ரேட். அசல் குறையக் குறைய வட்டி குறையாது, கடைசி மாதம் வரை முழுத் தொகைக்கும் வட்டி போடுவார்கள். 1,00,000 கடனுக்கு ஐந்து வருடத்தில் வட்டி மட்டும் 35,000. குறையும் நிலுவையில், அதாவது மீதமிருக்கும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் முறையில், 9 சதவீதம் என்றால் ஏறக்குறைய 24,550 தான். அந்த 7-ஐக் குறையும் நிலுவைக் கணக்குக்கு மாற்றினால் 12.5 சதவீதம் பக்கத்தில் வந்து நிற்கிறது. விளம்பரத்தில் எண்ணைப் பெரிதாகப் போட்டுவிட்டு கணக்கு முறையைப் பொடி எழுத்தில் போடுவது எனக்குக் கோபத்தைத்தான் வரவழைத்தது.

இன்னொரு தாளில் நான் கேட்ட தொகையைவிடக் கடன் தொகை கூடுதலாக இருந்தது. கீழே பார்த்தால், கடன் பாதுகாப்புக் காப்பீட்டின் பிரீமியத்தை அசலோடு சேர்த்திருக்கிறார்கள். அதற்கும் சேர்த்து வட்டி. கட்டாயமா என்று கேட்டேன். இல்லை என்றார், எடுத்துவிட்டுப் புதுத் தாள் அனுப்பினார்.

கடைசியில் நான் எடுத்தது வட்டி ஆகக் குறைவான இடத்தை இல்லை. அங்கே முன்கூட்டியே அடைத்தால் அபராதம் இருந்தது. எனக்கு நடுவில் கொஞ்சம் பணம் வர வேண்டியிருக்கிறது, அதை அசலில் போடும் எண்ணம். வட்டி ஒரு துளி கூடினாலும் அபராதமில்லாத கடன்தான் எனக்குச் சரி.

ஒப்புதல் கடிதத்தோடு ஷோரூமுக்குப் போனேன். அங்கிருந்த கடன் பிரிவுக்காரர் இதைவிடக் குறைந்த தவணை சொன்னார். எத்தனை வருடம் என்று கேட்டேன். ஏழு. அதே 9 சதவீதத்தில் 1,00,000-க்கு ஐந்து வருடத் தவணை 2,076, ஏழு வருடத்தில் 1,609. தவணை இறங்கும், ஆனால் வட்டி 35,000-ஐத் தாண்டிவிடும். ஐந்து வருடத்துக்குக் கணக்குப் போடச் சொன்னேன், என் கையில் இருந்ததைவிடக் கூடுதலாக வந்தது. பேச்சு அங்கேயே முடிந்தது.

கையெழுத்துக்கு முன் ஒப்பந்தத்தையும் கொட்டேஷனையும் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் பார்த்தேன். வட்டி, காலம், தொகை எல்லாம் பொருந்தியது. தவணைத் தேதி மட்டும் சம்பளத்துக்கு முன்னால் விழுந்தது, மாற்றிக் கொடுத்தார்கள். கடன் தொகை போய்ச் சேர்ந்ததும் அந்தச் சேவைக்கு எழுதி, என் விவரங்களை இனி யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சம்மதத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அதன் பிறகும் சில அழைப்புகள் வந்தன, போகப்போக நின்றுவிட்டன.